என்ன, எவ்வளவு, எப்போது

தென்காசியில் தெருவில் ஒருவரை ஒருவர் கண்டால் "சாப்ட்டாச்சா?" என்று கேட்பதும், கேட்கப்பட்டவர் நடையை நிறுத்தாமலே "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக் கடந்து போவதும் வழக்கம். எழுபது ஆண்டுகளாக நானும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்; அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலைப் பிடித்து நிறுத்தி, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் என் வாழ்நாளில் ஒருவர்தான். என் பேத்தி செண்பகாவுக்கு ஜூடோ கற்றுக்கொடுத்த பெண்மணி அவர். பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாரும் பேசுவதை விரும்பாதவர். எழுதுவதை மட்டும் விரும்புவாரா?

செண்பகாவை வகுப்பில் சேர்க்க நான் போன அன்று, ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் அவர் விரிப்புகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அந்தக் கூடம்தான் பயிற்சிக் களம். ஒரு சுவர் நெடுகக் கைகழுவும் குழாய்கள். காற்றில் முந்திய நாள் சாம்பாரின் வாசம். அவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். குள்ளமான, உறுதியான உருவம். இடது காதுமடல் தடித்துச் சுருண்டிருந்தது. விரிப்பில் உராய்ந்து உராய்ந்து இந்த விளையாட்டுக்காரர்களுக்கு அப்படி ஆகிவிடுமாம்.

"வாங்கய்யா. காலையில என்ன சாப்ட்டிய?"

"ஆச்சும்மா."

"ஆச்சா, ஆகலையான்னு கேக்கலய்யா. என்ன சாப்ட்டியன்னு கேட்டேன்."

"இட்லி."

"எத்தன?"

"நாலு இருக்கும்."

"எப்ப?"

"ஏழரை மணிக்கு." எனக்குச் சற்று எரிச்சல் வந்தது. "பிள்ளைய சேக்க வந்தா என்னையும் சேத்துருவிய போல இருக்கே."

அவர் சிரிக்கவில்லை. "நீங்க சாப்டுததத்தானய்யா அவளும் சாப்டுவா. தெரிஞ்சிக்கிடணும்லா" என்றார்.

அவர் குரலில் கண்டிப்பு இல்லை. மருத்துவர்களின் அவசரமும் இல்லை. மலையில் மழை பெய்ததா, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பவரின் ஆவல் மட்டுமே இருந்தது. இந்த ஆவல்தான் அவர். மூன்றாண்டுகள் அவரை அறிந்திருந்தேன். அவர் வடகரையிலிருந்து நாள்தோறும் ஸ்கூட்டரில் வந்து போகிறவர் என்பதையும், ஒரு காலத்தில் மாநில அளவில் விளையாடியவர் என்பதையும் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. ஆனால் அவருடைய மூன்று கேள்விகளையும் இன்றும் அதே வரிசையில் என்னால் சொல்ல முடியும். என்ன? எவ்வளவு? எப்போது?

சாப்பிடாதே என்று அவர் எந்தப் பிள்ளையிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பார், பதில் முழுதாக வரும்வரை காத்திருப்பார். மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன் நின்று அன்றைய உணவை ஒப்பிக்க வேண்டும். பதிகம் ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் நடுவில் ஓரடியை விழுங்கிவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளும் விழுங்கினார்கள். விழுங்கிய இடத்தை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

சுரண்டையிலிருந்து பேருந்தில் வரும் ஒரு பையன் இருந்தான். கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, நாளுக்குப் பத்து முட்டை தின்னத் தொடங்கியிருந்தான். வெள்ளைக்கரு மட்டும்.

"மஞ்சக்கருவ என்னலே பண்ணுத?"

"கொழுப்புலா மாஸ்டர்? எங்க தெரு நாய்க்குப் போட்டுருவேன்."

"நாயி எப்படி இருக்கு?"

"மினுமினுன்னு இருக்கு மாஸ்டர். நல்லா ஓடுது."

"அப்ப அடுத்த போட்டிக்கு அத கூட்டிட்டு வா. நீ வீட்டுல இரி."

கூடமே சிரித்தது, பையனும் சிரித்தான். மறுநாள் முதல் அந்த நாய்க்கு என்ன கிடைத்ததோ, அறியேன்.

வேறொருவன் அண்ணன் வாங்கிக் கொடுத்தான் என்று ஒரு பெரிய டப்பாவைத் தூக்கி வந்தான். உடம்பைத் தேற்றும் பொடி. பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். அவர் அதைப் பிடுங்கவில்லை. டப்பாவின் பின்புறம் பொடியாக அச்சிட்டிருந்ததை வாசிக்கச் சொன்னார். அவன் இரண்டு சொல் வாசித்துவிட்டு நின்றுவிட்டான். "தெரியாத ஆளு உங்க வீட்டு நடையில ஏறுனா யாரு, எந்த ஊருன்னு கேப்பியா மாட்டியா?" என்றார். "கேப்பேன் மாஸ்டர்." "இதுகிட்டயும் கேளு. பேரு தெரிஞ்ச பிறகு உள்ள விடு." அருகில் நின்ற எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் நெற்றி நிறைய நீறணிந்து, உணவுக்கு முன் திருநாமம் சொல்லி உண்ணும் எனக்கு அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

அவரிடம் இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரண்டும் எனக்கு விளங்காதவை. எடை பார்க்கும் கருவியை ஒரு பச்சைத் துண்டால் மூடி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும்தான் துண்டை எடுப்பார். அப்போதும் ஒவ்வொரு பிள்ளையாக, மற்றவர் காணாதபடி தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்ப்பார். அது முதலாவது. பிள்ளைகள் உணவுப் பாத்திரத்தைத் திறந்தால் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அமர்ந்துகொள்வார். இது இரண்டாவது. என்ன தின்றாய் என்று இவ்வளவு துருவிக் கேட்கிறவர், தின்னும்போது ஏன் பார்ப்பதில்லை?

ஓர் ஆனி மாதம், சாரல் தொடங்கியிருந்த வேளையில், திருநெல்வேலியில் போட்டி முடித்துத் திரும்பிய பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன். ஐந்தருவியில் நனைந்து, குளிரில் நடுங்கியபடி ஒரு பரோட்டாக் கடையில் ஏறினோம். என்னைப் போன்ற சைவருக்கு அங்கே வேலையில்லை. சுக்குக் காபி சொல்லிவிட்டு ஓரமாக அமர்ந்தேன். ஒரு பெண் மட்டும் "எனக்கு வேண்டாம் மாஸ்டர், மைதால்லா" என்று முகத்தைச் சுளித்தாள்.

"காலையில என்னட்டி சாப்ட்ட?"

"ஒரு வாழப்பழம்."

"பொறவு?"

"தண்ணி."

"இன்னைக்கு நாலு பேர தூக்கிப் போட்டிருக்க. ஒரு பழத்துலயா அவ்வளவும் வந்திச்சு? மைதாவ நாளைக்குப் பேசிக்கிடுவோம். இப்பம் பசிக்கா, பசிக்கலையா?"

"பசிக்கி" என்றாள் அவள், அழப்போகும் குரலில்.

இலைகள் விழுந்தன. மாஸ்டர் தம் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து அமர்ந்தார். அவர் முன்னால் ஒரு டீ மட்டும் இருந்தது. கல்லாவில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, காலண்டர்ல சாமி படம் பாக்கியளா?" என்றார். "அதுக திங்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நான் காரணம் கேட்டேன். வழக்கம்போல் என்னையே கேட்டார்: "ஐயா, கோயில்ல சாமிக்கு நைவேத்தியம் வைக்கும்போது ஏன் திரை போடுதாவ?"

உண்பவரின் முகத்தைப் பிறர் நோக்கலாகாது. இறைவனே ஆனாலும் தனித்து உண்ண விடுவதுதான் மரியாதை. நான் அறிந்த மட்டில் இப்படிச் சொன்னேன்.

"அவ்வளவு பெரிய சாமிக்கே யாராவது பாத்தா தின்ன முடியல. இதுக சின்னப் பிள்ளைக. போட்டிக்குப் போன எடத்துல ஒருத்தி தட்ட இன்னொருத்தி பாக்கா. எல்லார் தட்டையும் கோச்சு பாக்காரு. எப்படிய்யா எறங்கும்?" என்றார்.

அன்றிரவு பூசையில் அமர்ந்தபோது என் மனம் பாட்டில் நிற்கவில்லை. நான் நாள்தோறும் பாடும் பாடல்களில் பாதி, ஓடேந்தி ஊர் ஊராய்ப் பலிக்குத் திரியும் பெருமானைப் பற்றியவை. அவன் நடையழகைப் பாடியிருக்கிறார்கள், சடையழகைப் பாடியிருக்கிறார்கள், பலியிட வந்த பெண்கள் வளையிழந்து நின்றதைப் பாடியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஓட்டில் என்ன விழுந்தது, வயிறு நிறைந்ததா என்று ஒருவராவது கேட்டிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்த பாடல்களையெல்லாம் நினைவில் புரட்டிப் பார்த்தேன். நான் அறிந்த வரையில் இல்லை. அந்தப் பெண்மணி அந்த வாசல்களில் ஒன்றில் நின்றிருந்தால் கட்டாயம் கேட்டிருப்பார்.

இனி நான் சொல்லப் போவது எனக்குப் பெருமை தருவதன்று.

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஐப்பசியில் வரும் கந்த சஷ்டியின் ஆறு நாளும் பட்டினி கிடப்பவர் என்பது. நாற்பது ஆண்டுகளாக அந்தப் பெயர் இருக்கிறது. "நமக்கு ஒரு வேளை தள்ளிப்போனாலே கண்ணக் கட்டுது, ஐயா ஆறு நாளும் எப்படித்தான் இருக்காவளோ" என்று கோயிலில் யாராவது சொல்லும்போது நான் கண்ணை மூடி, "எல்லாம் அவன் அருள்" என்பேன்.

அந்த ஆண்டு தீபாவளி முடிந்த மறுநாள் காலை, பள்ளிக்கூடச் சீருடையில் வந்து நின்றாள் செண்பகா. பதினைந்து வயது. "தாத்தா, நானும் சஷ்டி விரதம் இருக்கட்டா?" என்றாள்.

என் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. மகன் சம்பாத்தியத்துக்காகத் தூரதேசத்தில் இருக்கிறான். கோயில் பக்கம் போகிறானா என்றுகூடத் தெரியாது. அவன் மகள் தானாக வந்து கேட்கிறாள். "ராத்திரி ஒரு வேளை பாலும் பழமும். மத்தபடி பச்சத் தண்ணிகூடத் தொடக்கூடாது. நடுவுல முறிச்சா சாமிக் குத்தமாயிரும்" என்று நெறிமுறைகளைச் சொன்னேன்.

"வளருத பிள்ள மாமா. பள்ளிக்கூடம், பயிற்சின்னு ஓடுதா" என்றாள் மருமகள்.

"பக்தியில வந்து நிக்கவள தடுக்காதம்மா" என்று அவள் வாயை அடைத்தேன்.

இரண்டாம் நாள் கடைத்தெருவில் அரிசிக்கடை அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "ஒங்க பேத்தி காலையிலயும் சாயந்தரமும் வந்து நம்ம தராசுல ஏறி நிக்காளே, எதுக்கு? மூட தூக்குதவங்கிட்ட, சரியாப் பாருண்ணே, சரியாப் பாருண்ணேன்னு சொல்லுதா. நேத்து நாப்பத்தஞ்சே முக்காலு." விளையாட்டுப் பிள்ளை என்று சிரித்துவிட்டு நான் கோயிலுக்குப் போனேன். அந்த எண்ணை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

நான்காம் நாள் மாலை மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். செண்பகா அவர் பின்னால் வந்து, என் முகத்தைப் பாராமல் நேரே சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பூசை அலமாரி முன் அமர்ந்து ஏட்டைப் பிரித்திருந்தேன்.

"இன்னைக்கு அவ பெல்ட் முடிச்ச அவளால அவுக்க முடியலய்யா. வெரல்ல பலம் இல்ல. நாலு நாளா என்ன சாப்டுதா?"

"விரதம்மா. சஷ்டி விரதம்."

"விரதம்னா, என்ன சாப்டுதா?"

எனக்குச் சினம் வந்தது. "அது அவளுக்கும் முருகனுக்கும் உள்ளது. நாம தலையிடப்படாது."

"சரிய்யா. முருகன் அவள எந்த வெயிட்டுல எறங்கச் சொல்லியிருக்காரு?"

பிறகுதான் அவர் விளக்கினார். வருகிற சனிக்கிழமை திருநெல்வேலியில் தேர்வுப் போட்டி. வென்றால் அரசு விளையாட்டு விடுதியில் இடம்; படிப்பு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அங்கேயே. நாற்பத்து நான்கு கிலோவுக்கு உட்பட்டவர்கள் பிரிவில் செண்பகாவுக்கு இணை இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் தீபாவளிப் பலகாரம் அவளை ஏறக்குறைய நாற்பத்தாறில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அடுத்த பிரிவு நாற்பத்தெட்டு. அங்கே வருகிறவர்கள் உயரமும் பலமும் மிகுந்தவர்கள். இவள் தோற்பது ஏறக்குறைய உறுதி. ஆகவே ஏழு நாளில் இரண்டு கிலோ இறக்க வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். சாப்பிடாமல் இருந்தால் வீட்டில் விடமாட்டார்கள். விரதம் என்றால் விட்டுவிடுவார்கள். தாத்தா கொண்டாடவும் செய்வார்.

அவமானத்தில் எனக்குச் சொல் தடித்தது. "நானுந்தான் நாப்பது வருசமா இருக்கேன். எனக்கு என்ன ஆயிட்டு?"

அவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். "நீங்க என்ன சாப்டுவியய்யா, விரத நாள்ல? காலையில இருந்து சொல்லுங்க."

"ஒண்ணும் சாப்ட மாட்டேன்."

"ஒண்ணும்னா?"

"காலையில பூச முடிச்சு ஒரு தம்ளர் பாலு."

"சீனி?"

"கற்கண்டு. அவ்வளவுதான்."

"மாமா, அதோட ரெண்டு நேந்திரம்பழம் அவிச்சுத் தாரேம்லா?" என்றது சமையலறையிலிருந்து மருமகளின் குரல்.

"ஆமா, பழம். பழம் விரதத்துக்குச் சேத்திதான்."

"பொறவு?"

"பதினோரு மணிக்கு ஒரு எளநி."

"வழுக்கையோட" என்றது சமையலறை.

"மத்தியானம்?"

"சோறு தொடமாட்டேன். அவலு கொஞ்சம் நனச்சு, தேங்காத் துருவலும் வெல்லமும் போட்டு..."

"எவ்வளவு?"

நான் கையைக் குவித்துக் காட்டினேன். மருமகள் சமையலறை வாசலைத் தாண்டி வந்து, நான் அவல் உண்ணும் பெரிய வெண்கலக் கும்பாவை அவர் முன் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதற்குப் பின்னால் நான்கு நாள் கோபமும் இருந்தது.

"சாயந்தரம்?"

"கோயில்ல சுண்டல். பிரசாதம், மறுக்கப்படாது. ராத்திரி பாலும் பழமும். அதான் விரதம்."

"மத்தியானம் படுப்பியளா?"

"கொஞ்சம் கண்ணசருவேன்."

"எவ்வளவு?"

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும்."

எல்லாவற்றையும் அவர் ஆவலோடு கேட்டுக்கொண்டார். என்னை மடக்கிவிட்ட மகிழ்ச்சி அந்த முகத்தில் துளியும் இல்லை. ஆனால் என் வாயால் நானே சொல்லி, என் காதால் நானே கேட்ட பிறகு தெரிந்துவிட்டது. மற்ற நாட்களில் நான்கு இட்லியும், மதியம் ஒரு பிடி சோறும், இரவு இரண்டு தோசையும் உண்ணும் நான், விரத நாட்களில் அதைவிடக் கூடுதலாகவே உண்டு வந்திருக்கிறேன். நாற்பது ஆண்டுகள். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. விரதம் என்ற சொல்லும் 'ஆச்சு' என்ற சொல்லைப் போலவே உள்ளே பாராமல் கடந்து போகும் ஒன்றாக எனக்கு ஆகிவிட்டிருந்தது.

செண்பகா தாயின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். உதடு வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. நான்கு நாளாக நான் அதைப் பார்த்திருக்கவில்லை. "தண்ணிகூடக் கூடாதுன்னு சொன்னியளே தாத்தா?" என்றாள்.

நான் ஏட்டை மூடி வைத்தேன்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "ஒன் பேர நாப்பத்தெட்டுக்கு மாத்தச் சொல்லிட்டேன். நீ தின்னாலும் தின்னாட்டாலும் அதுலதான் எறங்குத."

"அங்க வாரவளுவ என்னைய தூக்கி எறிஞ்சிருவாளுவ மாஸ்டர்! ஹாஸ்டல் போச்சு! எல்லாம் போச்சு!" என்று அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். நான்கு நாள் நீரில்லாத அழுகை. கண்ணீர் சரியாக வரக்கூட இல்லை.

"போகும்" என்றார் அவர். "நான் வெளாடுத காலத்துல எல்லாரும், நீ எவ்வளவு இருக்க, எவ்வளவு இருக்கன்னுதான் கேட்டாவ. என்ன சாப்ட்டன்னு ஒருத்தரும் கேக்கல." அதற்கு மேல் அவர் தம்மைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"ஆனா இப்பம் முறிச்சா சாமிக் குத்தம்லா" என்று முனகினாள் பேத்தி. அவள் ஏமாற்றாக எடுத்த விரதத்தில் ஒரு பங்கு மெய்யாகவே அச்சமாக மாறியிருந்தது. அந்த அச்சத்தை விதைத்தவன் நான்.

அலமாரியில் மாலைப் பூசைக்கான நிவேதனம் மூடி வைத்திருந்தது. வெள்ளிக் கிண்ணத்தில் கற்கண்டுப் பால். வாழையிலைத் துண்டில் நேந்திரம்பழம். இன்னும் படைக்கவில்லை. படைக்குமுன் அதை முகர்ந்துபார்ப்பதுகூடப் பிழை என்று என் தந்தை எனக்குச் சொல்லியிருந்தார். நான் எழுந்து இரண்டையும் எடுத்தேன். ஒரு செம்பு நிறையத் தண்ணீரும் எடுத்து, மூன்றையும் செண்பகாவின் முன்னால் வைத்தேன்.

"குத்தம் இருந்தா அது என் பேர்ல இருக்கட்டும். நீ குடி தாயி" என்றேன்.

அவள் செம்பைத் தொடவில்லை. நாங்கள் மூவரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐயா, திரும்பிக்கிடுவோம்" என்றார் மாஸ்டர்.

திரும்பினோம். அவர் வாசலைப் பார்த்தார். மருமகள் அடுப்பைப் பார்த்தாள். எனக்கு வாய்த்தது பூசை அலமாரி. யாருடைய பங்கை எடுத்துக் கொடுத்தேனோ அவன் படத்தை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றேன். முகத்தில் சினம் ஏதும் தெரிகிறதா என்று தேடினேன். எப்போதும் இருக்கும் சிரிப்புத்தான் இருந்தது. வெகுநேரம் ஓசையே இல்லை. பிறகு செம்பு தரையில் உரசியது. ஒரு மிடறு. மறுபடி ஒரு மிடறு. வெள்ளிக் கிண்ணம் தரையில் பட்ட ஒலி கேட்டபோது, நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக என் நிவேதனம் சென்று சேர்ந்தது என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை செண்பகா நாற்பத்தெட்டில் இறங்கினாள். முதல் ஆட்டத்தில் வென்றாள். இரண்டாவதில் தன்னைவிடத் தலையுயரம் கூடிய ஒரு பெண்ணிடம் அரை நிமிடத்துக்குள் மல்லாந்து விழுந்தாள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் அவள் மாஸ்டரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரோ நாள் தவறாமல் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். அவள் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். அவர் செய்தது சரிதானா என்று எனக்கே சில நாள் ஐயமாக இருந்தது. இன்று அவள் வெளியூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டு ஐம்பத்திரண்டில் விளையாடுகிறாள். கைப்பேசியில் அழைத்தால் நான் வாயைத் திறக்குமுன் அன்றைய உணவை வரிசையாக ஒப்பித்துவிடுகிறாள்.

நானும் கொஞ்சம் மாறினேன். அடுத்த சஷ்டியில் கோயிலில் ஒருவர் வழக்கம்போல் என் விரதத்தை வியந்தபோது, கற்கண்டுப் பாலிலிருந்து கும்பா அவல் வரை எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். இப்போதெல்லாம் என் விரதத்தை யாரும் வியப்பதில்லை.

மாஸ்டருக்குத் தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலையான வேலை கிடைத்தது. அவர் புறப்பட்ட அன்று காலை பத்து மணிக்கு, மருமகள் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதமும் வாழைக்காய் வறுவலும் அடங்கிய இலைப் பொட்டலத்தோடு பேருந்து நிலையத்துக்குப் போனேன். இரண்டு பைகளோடு தூணருகே பெஞ்சில் அமர்ந்திருந்தார். எடைக் கருவி அதே பச்சைத் துண்டில் சுற்றி மடியில் இருந்தது.

"ஐயா வாங்க. காலையில என்ன சாப்ட்டிய?"

இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி, ஏழே முக்காலுக்கு என்று சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மூன்றாண்டுகளில் அவர் உண்டு நான் பார்த்ததில்லை. பரோட்டாக் கடையில் சுவரைப் பார்த்திருந்த அவர் முன்னால் ஒரு டீதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களிலும் தண்ணீர் போதும் என்பார். எத்தனையோ பேரை அவர் கேட்டார். அவரை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"நீங்க என்னம்மா சாப்ட்டிய?" என்றேன்.

"ஆச்சுய்யா" என்றார், உடனே, பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி.

"ஆச்சா, ஆகலையான்னு கேக்கலம்மா."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பச்சைத் துண்டின் ஓரத்தை விரலால் சுருட்டிக்கொண்டே இருந்தார். நான் காத்திருந்தேன், பதில் முழுதாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் பார்த்திருந்தேன்.

"ஒரு டீ" என்றார் கடைசியில். "ஆறு மணிக்கு."

"நேத்து ராத்திரி?"

"வெளாட்ட விட்டுப் பத்து வருசம் ஆச்சுய்யா. இன்னும் தட்டுக்கு முன்னால உக்காந்தா, யாரோ பக்கத்துல நின்னு பாக்க மாதிரியே இருக்கு" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். திரும்பி நின்றேன். எதிரே சுவரில் பேருந்து நேரப் பலகை இருந்தது. திருத்தலங்களின் பெயர்களை அடுக்கிப் பாடும் பதிகம் ஒன்றைச் சொல்வது போல, வாய்விட்டு, ஒவ்வோர் ஊராக வாசிக்கத் தொடங்கினேன். சுரண்டை, பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி. கடைசி ஊரை எட்டும்வரை பின்னால் ஓசை இல்லை. பிறகு நூல் அவிழ்ந்து, இலை மெல்ல விரியும் சலசலப்புக் கேட்டது.

நான் மறுபடியும் மேலிருந்து, இன்னும் நிதானமாக, வாசிக்கத் தொடங்கினேன்.